தரைக்கு வந்த எஞ்சின்

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆகாய விமானத்து எஞ்சினைத் தூக்கிவைத்துப் பூட்டினால் என்ன? இப்படி ஒரு யோசனை உங்களுக்கும் எனக்கும் தோன்றப் போவதில்லை. நமக்குக் கார் வாங்குவதே ஒரு யோசனை. வாங்கிய காருக்குப் பெட்ரோல் போடுவது இன்னொரு யோசனை. ஆனால், இப்படித் தோன்றியவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். தோன்றியதோடு நிற்காமல் செய்து பார்த்திருக்கிறார்கள். செய்ததோடு நிற்காமல், அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டியும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள உறவு மிகவும் மரியாதையானது. தூரத்தில் நின்றே கும்பிட்டுக்கொள்வோம். சைக்கிளில் செயின் கழன்றால் மாட்டத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டவள் என் மகள். ‘சிட்டி சிட்டி பாங் பாங்’ என்று 1968-ல் வந்த ஆங்கிலப் படம் ஒன்றை அவள் பார்த்தாள். அதில் ஒரு பழைய கார் இறக்கை முளைத்துப் பறக்கிறது. படம் முடிந்ததும், “அப்பா, நிஜமாவே அப்படி ஒரு கார் இருந்துதா?” என்று கேட்டாள். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் நிஜத்தைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? “தேடிப் பார்த்துச் சொல்றேன்” என்றேன். தேடினேன். கார் இருந்தது, இறக்கைதான் இல்லை. ஆனால் அதன் வயிற்றுக்குள் இருந்தது விமானத்து எஞ்சின்!

முதல் உலக யுத்தம் 1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நின்றது. யுத்தத்தை ஒரு நாளில் நிறுத்திவிடலாம். அதற்காகச் செய்து குவித்த சாமான்களை ஒரு நாளில் இல்லாமல் செய்ய முடியாது. துணியும் மரமும் கொண்ட விமானத்தின் உடம்பு நாலு மழைக்காலத்தில் மக்கிப் போகும். எஞ்சின் மக்காது. அமெரிக்காவின் ‘லிபர்ட்டி’ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1917 மே மாதக் கடைசியில் ஜெஸ்ஸி வின்சென்ட், எல்பர்ட் ஹால் என்ற இரண்டு பொறியாளர்கள் வாஷிங்டன் நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் வரைந்து கொடுத்த எஞ்சின் அது. பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு, 400 குதிரை சக்தி. மொத்தத்தில் 20,000-க்கு மேல் செய்துவிட்டார்கள். செய்து முடிப்பதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. ஜெர்மனியின் கதை வேறு. 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி அந்த நாடு தன் யுத்த விமானங்களையும் அவற்றின் எஞ்சின்களையும் ஜெயித்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ‘டிஸ்போஸல்’ என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். இரண்டாவது யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்ததை அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் அதே சமாசாரம் முதல் யுத்தம் முடிந்தபோதே நடந்தது. யுத்த காலத்தில் ராஜ்யங்கள் பொக்கிஷத்தைத் திறந்து செய்த எஞ்சின்களை, இப்போது தனி மனிதன் ஒருவன் தன் பையிலிருந்து பணம் எடுத்து வாங்கலாம். வாங்கி என்ன செய்வது? அவற்றுக்கு ஆகாயத்தில் வேலை இல்லை. ஆகவே, சிலர் தரையில் வேலை கொடுத்தார்கள்.

எவ்வளவு பெரிய எஞ்சின்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் ஓடுகிற சின்னக் காரின் எஞ்சினுக்குக் கொள்ளளவு ஒரு லிட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. நமக்கெல்லாம் பழக்கமான அம்பாஸடருக்கு ஒன்றரை லிட்டர். நான் தேடிக் கண்டுபிடித்த காரில் இருந்த மேபாக் எஞ்சினுக்கு 23 லிட்டர்! மொத்தம் ஆறே சிலிண்டர். அதன் ஒரு சிலிண்டருக்குள் அம்பாஸடரின் எஞ்சினைப் போல் இரண்டரை எஞ்சின் அடங்கும்.

இத்தனை பெரிசாக இருந்தாலும் அது நிதானமாகத்தான் சுற்றும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் எஞ்சினின் தண்டிலேயே விசிறி நேராகப் பூட்டப்பட்டிருக்கும். நீளமான விசிறி அளவுக்கு மீறிச் சுழன்றால் சக்தி வீணாகும். காற்றை உதறுமே தவிர விமானத்தை இழுக்காது. ஆகவே எஞ்சின் நிமிஷத்துக்கு 1,400 அல்லது 1,600 சுற்றோடு நின்றுகொள்ளும். சுறுசுறுப்பால் கிடைக்காத சக்தியைப் பருமனால் சம்பாதிக்க வேண்டும். யானை ஓடுவதில்லை, நடக்கிறது. ஆனால் அது நடந்து வரும்போது எதிரே யாரும் நிற்பதில்லை.

அந்த யானையை மோட்டார் வண்டிக்குப் பழக்குவதில் சங்கடங்கள் பல. விமானத்தில் எஞ்சின் கிளம்பினால் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடினால் போதும். ரஸ்தாவில் அப்படி முடியுமா? நிற்க வேண்டும், கிளம்ப வேண்டும், வளைவில் தணிய வேண்டும். அதற்குக் கிளட்சும் கியரும் வேண்டும். அந்தக் கியர் இந்தப் பலத்தைத் தாங்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து எழும்போது வண்டியின் சாஸி முறுக்கிக்கொள்ளும். எடை குறைய வேண்டுமென்று மெல்லிசாக வார்த்த அலுமினிய எஞ்சின் அந்த முறுக்கில் விரிசல் விடும். இன்னொன்று: எஞ்சின் நிதானமாகச் சுற்றினாலும் சக்கரம் வேகமாகச் சுற்றியாக வேண்டும். இதற்கெல்லாம் ஏற்றதாக அவர்கள் கண்டுபிடித்தது யுத்தத்துக்கு முந்திய, சங்கிலியால் ஓடுகிற பெரிய கார்களின் சாஸி. முரட்டு இரும்பு, இரண்டு பக்கமும் சைக்கிள் செயின் மாதிரி, ஆனால் மிகப் பெரிய சங்கிலி. பல்சக்கரத்தை மாற்றினால் வேகம் மாறிவிடும். மலிவாகவும் கிடைத்தது, நாகரிகம் மாறிப் போனதால் அந்தக் கார்களையும் யாரும் சீந்தவில்லை.

எங்கள் பேட்டையில் மோட்டார் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அறுபது வயசுக்கு மேல். இதையெல்லாம் படித்துவிட்டு யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவரிடம் போய் எல்லாவற்றையும் அளந்தேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் வெளியே வந்து உட்கார்ந்து, கடைசி வரையில் பொறுமையாகக் கேட்டார்.

“ஏன் பாய், அந்த மாதிரி ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து குடுத்தா நீங்க பூட்டித் தருவீங்களா?” என்றேன்.

“பூட்டறதுக்கென்ன சார்? வெல்டிங் இருக்கு, போல்ட்டு இருக்கு. பூட்டிடலாம்.” கையைக் கந்தைத் துணியில் துடைத்துக்கொண்டார். “பிரேக்குக்கு என்ன செஞ்சாங்களாம்?”

“பழைய வண்டியில இருந்த பிரேக்தான்.”

“முன் சக்கரத்துக்கு?”

“அந்தக் காலத்து வண்டியில முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாதாம், பாய்.”

பாய் சிரிக்கவில்லை. சற்று நேரம் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எஞ்சின் பெரிசாயிட்டா வண்டி பெரிசாயிடுமா சார்? எல்லாத்துலயும் எது சின்னதோ, அதுதான் வண்டி” என்றார்.

இந்த வாக்கியத்தை நான் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன். என் தொழிலுக்கும் அது பொருந்தும். புதிதாக எழுதுகிற பிள்ளைகள் சிலர் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து அபிப்பிராயம் கேட்பார்கள். அழகான சின்னக் காதல் கதையாக ஆரம்பித்திருக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் பிரபஞ்ச ரகசியம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பாவம், கதாநாயகி! குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவள் தலையில் கோபுரத்தை வைத்தால் என்ன செய்வாள்? கோபுரத்தின் மேல் குற்றம் இல்லை. அதைச் சுமக்கச் சொன்ன இடத்தில் குற்றம். இனிமேல் அவர்களுக்குப் பாய் சொன்னதையே சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இனி அந்தக் காரின் கதைக்கு வருகிறேன். அதைக் கட்டியவர் கவுண்ட் லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற சீமான். 1895-ல் பிறந்தவர். தகப்பனாரும் மோட்டார்ப் பந்தயக்காரர். 1903-ல் பிரான்ஸ் தேசத்தில் லா துர்பீ என்ற மலைப்பாதையில் மெர்ஸிடிஸ் காரை ஓட்டிப் போய்ப் பாறையில் மோதி இறந்தார். பையனுக்கு அப்போது எட்டு வயசு. தாயார் நியூயார்க் நகரத்து ஆஸ்டர் குடும்பத்து வழிவந்தவர். நிலமும் பணமும் கொழித்த குடும்பம். 1911-ல் அவரும் போய்விட்டார். பதினாறு வயசில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு விஷயங்கள் மிச்சம்: கணக்கில்லாத சொத்து; கணக்குக் கேட்பதற்கு ஆளில்லாத வீடு.

அந்த வீடு இங்கிலாந்தில் கான்டர்பரி நகரத்துக்கு அருகில் ஹயாம் என்ற மாளிகை. அங்கே அவர் ஒர்க்ஷாப் வைத்தார். தோட்டத்தில் சின்ன ரயில் விட்டார். யுத்தம் முடிந்ததும் கிளைவ் காலப் என்ற பொறியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பழைய மெர்ஸிடிஸ் சாஸி ஒன்றை நீட்டி, அதில் அந்த 23 லிட்டர் மேபாக் எஞ்சினைப் பூட்டினார். மேபாக் கம்பெனி 1909-ல் ஆரம்பிக்கப்பட்டதே செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்வதற்குத்தான். ஆகாயத்துக்கென்றே பிறந்த வம்சம்!

1921-ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் அந்தக் காரைப் புரூக்லாண்ட்ஸ் பந்தய மைதானத்துக்குக் கொண்டுவந்தார். புரூக்லாண்ட்ஸ் என்பது 1907-ல் கட்டிய சிமெண்ட் ஓடுபாதை. வளைவுகளில் ஓரம் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். நாலு பேர் உட்காரும் அவலட்சணமான உடம்பு, தண்ணீர்க் குழாயைப் போல ஒரு புகைக்குழாய். ஜனங்கள் சிரித்தார்கள். அது மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடி ஜெயித்தபோது சிரிப்பு நின்றது. அந்தக் காருக்குத்தான் ‘சிட்டி பாங் பாங்’ என்று பெயர். எஞ்சின் போட்ட சத்தமே பெயராகிவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் பாடிய கொச்சைப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் வரும் ‘சிட்டி’ என்பது லீவுச் சீட்டாம். அது மெய்யானால், ஆங்கிலேயர் நம் தேசத்தில் ஹிந்துஸ்தானியிலிருந்து எடுத்துக்கொண்டு போன ‘சிட்டி’ என்ற வார்த்தைதான் பந்தயக் காரின் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

ஸ்பொரோவ்ஸ்கி ஒன்றோடு நிற்கவில்லை. பென்ஸ் விமான எஞ்சின் பூட்டி இரண்டாவது சிட்டி கட்டினார். அதில் ஏறிக்கொண்டு 1922-ல் மனைவியோடும் சிநேகிதர்களோடும் சஹாரா பாலைவனத்துக்கு உல்லாசப் பிரயாணம் போனார். இந்தக் கார்களின் சத்தம் பொறுக்காமல், அவை ஊருக்குள் வரக்கூடாது என்று கான்டர்பரி நகரத்தார் சட்டமே போட்டார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் எல்லாமே விளையாட்டாக முடியவில்லை. அதே 1922-ல் முதல் சிட்டி புரூக்லாண்ட்ஸில் ஓடுபாதையை விட்டுப் பாய்ந்தது. நேரம் குறிக்க உட்கார்ந்திருந்த அலுவலர் ஒருவர் கைவிரல்களை இழந்தார். அவர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை, கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1924 அக்டோபரில் இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் ஸ்பொரோவ்ஸ்கி இறந்தார். வயசு 29. ஒன்றை நாம் கவனிக்க வேண்டும்: அவரைக் கொன்றது அவர் கட்டிய ராக்ஷஸக் கார்களில் ஒன்று அல்ல. கெட்டிக்காரப் பொறியாளர்கள் பந்தயத்துக்கென்றே அளந்து செய்த, இரண்டே லிட்டர் மெர்ஸிடிஸ் கார். அது மரத்தில் மோதியது. தகப்பனார் சாகும்போது அணிந்திருந்த சட்டைக் கைப் பொத்தான்களைத்தான் அன்று மகனும் அணிந்திருந்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. நான் அதை நம்ப விரும்பவில்லை. நாவலில் அப்படி எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். தகப்பன் போன வழியில் மகன் போனான் என்பதே போதும், பொத்தான் வேண்டாம்.

‘சிட்டி’யைப் புரூக்லாண்ட்ஸில் வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் ஒருவர் இயான் ஃபிளெமிங்; 1908-ல் பிறந்தவர். பெரியவரான பின் ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதினாரே, அவரேதான். தம் ஒரே மகனுக்காக அவர் எழுதிய குழந்தைக் கதை, 1964-ல் அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து வெளிவந்தது. அந்தக் கதையைத்தான் என் மகள் படமாகப் பார்த்தாள். விரல் போனதும் மரத்தில் மோதியதும் அந்தக் கதையில் கிடையாது. கார் பறக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. ஆகாயத்துக்கென்று பிறந்த எஞ்சினைத் தரையில் கட்டிப் போட்டார்கள். கதைக்காரன் வந்து இறக்கையைத் திருப்பிக் கொடுத்தான். நிஜமான ‘சிட்டி’க்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடைசிக் காலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் பிள்ளைகள் கையில் இருந்தது. பிறகு அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிட்டார்கள்.

விமான எஞ்சினை வைத்து உலக வேகச் சாதனையையே பிடித்தவர் எர்னெஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்ற இங்கிலீஷ்காரர். 1908-ஆம் வருஷத்து ஃபியட் பந்தயக் கார் ஒன்று 1922-ல் எஞ்சின் வெடித்துப் போய்க் கிடந்தது. அதை வாங்கி, 21 லிட்டருக்கு மேற்பட்ட ஃபியட் விமான எஞ்சின் நுழைவதற்காகச் சாஸியை நீட்டினார். நீட்டுவதற்கு லண்டன் பஸ்ஸின் இரும்பை உபயோகித்தார் என்பார்கள். நெருப்பும் புகையும் கக்கியதால் ஜனங்கள் அதற்கு ‘மெஃபிஸ்டோஃபிலிஸ்’ என்று சைத்தானின் பெயரை வைத்தார்கள். 1924 ஜூலையில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஆர்ப்பழோன் என்ற ஊரின் நேரான ரஸ்தாவில், ரெனே தோமா என்ற பிரெஞ்சுக்காரரோடு போட்டி. எல்ட்ரிட்ஜ் முந்திவிட்டார். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் விதியைப் புரட்டி, “இந்த வண்டிக்குப் பின்னால் போகும் கியர் இல்லை, சாதனை செல்லாது” என்று ஆட்சேபித்தார்கள்.

வாஸ்தவம்தான். மணிக்கு 140 மைல் வேகத்தில் முன்னால் போக நினைத்தவனுக்குப் பின்னால் போகிற ஞாபகம் இல்லை! எல்ட்ரிட்ஜ் சண்டை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பாரிஸுக்குப் போய் ஏதோ ஓர் ஏற்பாடு செய்து வண்டியைப் பின்னால் போக வைத்தார். ஜூலை 12-ஆம் தேதி திரும்பி வந்து மணிக்குச் சுமார் 146 மைல் ஓடி, சாதனையை வாங்கிக்கொண்டு போனார். இந்த ஒரு கதையில்தான் யாருக்கும் காயம் இல்லை. அந்தச் சைத்தானும் நல்லபடியாகவே இத்தாலியில் ஃபியட் கம்பெனியாரிடம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜான் காட்ஃப்ரி பாரி-தாமஸ் வேல்ஸ் தேசத்துக்காரர். 1884-ல் பிறந்தவர். லேலண்ட் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, புரூக்லாண்ட்ஸ் மைதானத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில் நாய்களோடு தனியாகக் குடியிருந்தார். பந்தயத்துக்கு வரும்போது பூப்போட்ட கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வார். சீமான் அல்ல, வேலைக்காரர். ஸ்பொரோவ்ஸ்கி இறந்தபோது, அவர் முழுதும் கட்டி முடிக்காத கடைசிக் கார் ஒன்று மிஞ்சி நின்றது. அதில் இருந்தது நான் முன்னே சொன்ன லிபர்ட்டி எஞ்சின். அதைத் தாமஸ் 125 பவுனுக்கு வாங்கினார்.

இந்த 125 பவுன்தான் இந்தக் கதையின் உயிர் என்று நினைக்கிறேன். உலக வேகச் சாதனை என்பது அதற்குள் பெரிய இடத்து விவகாரமாகிவிட்டது. மால்கம் காம்ப்பெல் பெரும் பணம் போட்டுப் புதுக் கார் கட்டினார். ஸீக்ரேவுக்குப் பின்னால் சன்பீம் கம்பெனியே நின்றது. தாமஸுக்குப் பின்னால் யாரும் இல்லை. யுத்தத்தில் மிஞ்சிய எஞ்சினும், செத்துப் போனவர் விட்டுச் சென்ற வண்டியும், தம் இரண்டு கைகளும்தான் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே அவர்களுக்குச் சமமாக நிற்க முடியும் என்று அவர் நம்பினார். நம்பியது வீண் போகவில்லை. எஞ்சினுக்குத் தாமே புதிய பிஸ்டன்கள் அமைத்தார், உடம்பை மாற்றினார், ‘பேப்ஸ்’ என்று செல்லப் பெயர் வைத்தார். 1926 ஏப்ரல் மாதம், வேல்ஸ் தேசத்தில் அலை வடிந்த பிறகு பலகை போல் இறுகிக் கிடக்கும் பெண்டைன் கடற்கரை மணலில், இரண்டு நாளில் இரண்டு தடவை சாதனையை உயர்த்தினார். இரண்டாம் நாள் வேகம் மணிக்கு 171 மைல்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, அதே மணலில் காம்ப்பெல் அதைத் தாண்டிவிட்டார்: 174.88 மைல். மார்ச் 3-ஆம் தேதி தாமஸ் மறுபடியும் வந்தார். வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது நிலை தவறிப் புரண்டது. தாமஸ் அந்த இடத்திலேயே இறந்தார். பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் சங்கிலி அறுந்து அவர் தலையில் அடித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசியது; அநேக வருஷங்கள் அப்படியே நம்பியது. சைக்கிள் செயின் அறுந்தால் நாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

சிநேகிதர்கள் தாமஸைப் புரூக்லாண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்ளீட் மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். காரையும் அடக்கம் செய்தார்கள்! அதன் இருக்கைத் தோலைக் கிழித்து, முன்பலகையில் இருந்த கண்ணாடிகளை உடைத்து, பெண்டைன் மணற்குன்றில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். விற்றிருக்கலாம், எஞ்சினை மட்டுமாவது கழற்றிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை.

அதே மார்ச் மாதம் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் ஸீக்ரேவ் மணிக்கு 203 மைலைத் தாண்டினார். அன்று தாமஸ் பிழைத்து, சாதனையைப் பிடித்திருந்தாலும் அது 26 நாள்தான் அவரிடம் இருந்திருக்கும். உயிருக்கு விலை 26 நாள்! இதைக் கணக்குப் பார்த்த அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஸீக்ரேவின் காரிலும் விமான எஞ்சின்தான், ஒன்றல்ல, இரண்டு. ஆனால் பழைய வண்டியில் பூட்டியதல்ல. எஞ்சினுக்கென்றே வண்டியைச் செய்தார்கள். அதற்குப் பின் சாதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த வழியில்தான் போனார்கள். 1997-ல் அமெரிக்கப் பாலைவனத்தில் மணிக்கு 763 மைல் போய், ஒலியின் வேகத்தைத் தாண்டிய ‘திரஸ்ட்’ வண்டியிலும் இருந்தவை இரண்டு ஜெட் விமான எஞ்சின்கள்தான். அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அதை நிறுத்துவதற்குப் பாராசூட் இருந்தது. பாயின் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள்.

இருந்தாலும், பழைய வண்டியில் விமான எஞ்சினைப் பூட்டுகிறவர்கள் தீர்ந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஸின்ஸ்ஹைம் மியூசியத்தில் ‘புரூட்டஸ்’ என்று ஒரு வண்டி இருக்கிறது. தீயணைப்பு வண்டிகள் செய்த அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பழைய சாஸியில், 46 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பி.எம்.டபிள்யூ. விமான எஞ்சின். சாதனைக்கென்று யாரும் அதைக் கட்டவில்லை. பிறகு எதற்கு? விசிறி போன பிறகும், ஆகாயம் போன பிறகும், அந்த எஞ்சின் தன் குரலில் ஒரு தரம் பேசுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வித்வானுக்குச் சபை போய்விட்டது. திண்ணையிலாவது பாடட்டும் என்கிற பரிவு.

‘பேப்ஸ்’ மணலுக்குள் நாற்பத்திரண்டு வருஷம் கிடந்தது. நடுவில் இன்னொரு யுத்தம் வந்து போயிற்று. அந்தக் கடற்கரை ராணுவத்தின் வசம் போயிற்று. 1969-ல் ஓவன் வின் ஓவன் என்ற கல்லூரி ஆசிரியர் அனுமதி வாங்கி அதைத் தோண்டி எடுத்தார். உடம்புத் தகடு அரித்துப் போயிருந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு, மிஞ்சியதைச் சுத்தம் செய்து, இல்லாததைத் தேடிப் பிடித்து, அந்த லிபர்ட்டி எஞ்சினை மறுபடியும் ஓட வைத்தார். எடுத்துப் பார்த்த பிறகுதான் சங்கிலியின் மேல் இருந்த பழியும் சந்தேகத்துக்கு வந்தது; பின் சக்கரம் ஒன்று முதலில் உடைந்திருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சங்கிலியோ சக்கரமோ, எஞ்சின் அல்ல. எல்லாவற்றிலும் எது சின்னதோ, அதுதான் போயிற்று.

புதைத்ததைத் தோண்டியது சரியா என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். புதைத்தவர்களின் கண்ணுக்கு அது தாமஸைக் கொன்ற வண்டி. அதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் இருக்க முடியவில்லை. தோண்டியவரின் கண்ணுக்கு அது தாமஸ் கையால் செய்த வண்டி. அது மண்ணுக்குள் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேருக்குமே தாமஸின் மேல் பிரியம்தான். துக்கம் ஆறுவதற்கு நாற்பத்திரண்டு வருஷம் வேண்டியிருந்தது.

பெண்டைனில் இப்போது ஒரு மியூசியம் இருக்கிறது. ‘பேப்ஸ்’ அங்கே வந்து நிற்கும்போது ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். காம்ப்பெல் எத்தனை மைல், ஸீக்ரேவ் எத்தனை மைல் என்பதெல்லாம் அவர்களில் அநேகம் பேருக்கு நினைவில் இருக்காது. 125 பவுன் கொடுத்து, பிறர் விட்டுப் போனதை வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து தனக்குத் தெரிந்த வேலையை அதில் செய்த ஒருவரின் வண்டி என்பது மட்டும், பக்கத்தில் போய் நின்றாலே தெரிந்துவிடும்.